மங்களத்துக்கு ஒரு தோட்டா

போன வாரம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் கடைக்கு வந்தேன். டோம்பிவிலியிலிருந்து வழியெல்லாம் ரயிலில் நின்றுகொண்டே வந்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்குள் நீங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு பொறுப்பில் இருக்கும் விலாஸ் மேல் புகார் வாசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். “நாங்க காலின்னு சொல்லிக் குடுத்தாலும் அவரு மறுபடி திறந்து பாக்காரு மேடம். எங்க மேல பரோசாவே இல்ல” என்று தாராவிப் பெண் ஒருத்தி கண் கலங்கினாள். நம்பிக்கையே இல்லாத இடத்தில் எப்படி வேலை பார்ப்பது என்று செம்பூர்ப் பையன் கேட்டான். அப்போது நான் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். நின்று பதில் சொல்லியிருந்தால் என் ரயில் போயிருக்கும். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் மெதுவாகவே படியுங்கள், நான் ஒன்றும் சிக்கலாக எழுதப்போவதில்லை.

நம் கடை துப்பாக்கி விற்கும் கடை என்று வெளியில் பெயர். விற்பதை விடப் பாதுகாப்பது அதிகம் என்பது உள்ளே இருக்கும் நமக்குத் தெரியும். லைசென்ஸ் வைத்திருப்பவர் வெளிநாடு போனால் பிஸ்டல் நம்மிடம் வரும். அவர் இறந்துபோய் வாரிசுகள் வழக்கு நடத்தினால் வரும். தேர்தல் அறிவித்துவிட்டால் மூட்டை மூட்டையாக வரும். துணிப்பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரும்புக் கதவுக்கு உள்ளே அடுக்குவோம். சில பைகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த உள்ளறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. பொம்பளை கையில் ஆயுதச் சாவியா என்று மூக்கின் மேல் விரல் வைத்தவர்கள் பிறகு வரிசையில் நின்று என்னிடமே பிஸ்டலை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பிஸ்டல் பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டாவை நிரப்பி நீண்ட நாள் அப்படியே வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து போகாதா? இதற்கு மாதுங்கா மாமா ஒருவர் கதையைச் சொல்கிறேன். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாதுகாப்புக்காக ஒரு பிஸ்டல், இரண்டு மேகசின். ஏகாதசிக்கு ஏகாதசி அவர் உபவாசம் இருப்பதோடு மேகசினையும் உபவாசம் போட்டுவிடுவார். எல்லாத் தோட்டாவையும் எடுத்து வரிசையாக வைத்துத் துடைப்பது, மறுநாள் பாரணை முடித்த கையோடு மறுபடி நிரப்பி, முதல் தோட்டாவை சேம்பரில் ஏற்றிச் சரிபார்ப்பது. சேம்பர் என்பது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை.

“ஸ்பிரிங்குக்கும் ஒரு ரெஸ்ட் வேண்டாமா செல்வி? நமக்கே வேண்டியிருக்கே” என்பார்.

ஒருமுறை அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் நம்மிடம் கொண்டுவந்தார். தோட்டாக்களை மேஜையில் நிறுத்திப் பார்த்தேன். ஒன்று மட்டும் மற்றவற்றை விடக் குட்டையாக இருந்தது. அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றி ஏற்றி, அதன் முனை கூட்டுக்குள் அமுங்கியிருந்தது. அதைச் சுட்டிருந்தால் உள்ளே அழுத்தம் எகிறி அவர் கையையே பதம் பார்த்திருக்கும். ஸ்பிரிங்கும் நொந்துதான் போயிருந்தது. நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் அவ்வளவாகத் தேய்வதில்லை, ஓயாமல் அமுக்கி அமுக்கி விடுவதால்தான் தேய்கிறது. “நான் பட்டினி போட்டதே தப்பாயிடுத்தா!” என்று மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு ஸ்பிரிங்குக்கு விரதம் கிடையாது என்று என்னிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

அப்படியானால் நிரப்பியே வைக்கலாமே என்று கேட்பீர்கள். நம் உள்ளறையில் கூடாது. ஸ்பிரிங்குக்காகச் சொல்லவில்லை, மனிதர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டலை வைத்தவர் ஒருவர், எடுப்பவர் வேறொருவர், நடுவில் ஒரு மழைக்காலமும் பத்து மறதியும் போய்விடுகிறது. வைத்தவருக்குத் தெரிந்தது எடுப்பவருக்குத் தெரியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பண்டிகைக் காலம். விலாஸ் கதை இங்கேதான் வருகிறது.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு தேர்தல் அறிவிப்பு வந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. கவுண்டரில் மீன் சந்தைக் கூட்டம். நான் அந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டிருந்தேன், என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்கு என் இடத்தில் விலாஸ் உட்கார்ந்தான். அப்போது அவன் வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தாணேக்காரன், கை சுத்தம், பக்திமான், கல்யாணமாகி மனைவி மாசமாக இருந்தாள். நான் திரும்பி வந்த அன்று காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் சரிபார்க்க வந்தார். பைகளில் சிலவற்றைத் தன் இஷ்டத்துக்கு எடுத்து, பிரித்து, பிஸ்டலில் உள்ள நம்பர் சரியா என்று பார்த்துவிட்டு மறுபடி முத்திரை வைப்பது வழக்கம். விலாஸ் அவரோடு உள்ளறையில் இருந்தான். நான் வெளியே கவுண்டரில் இருந்தேன்.

அப்போதுதான் பொன்னையா அண்ணாச்சி வந்தார். தாராவியில் புளியும் வெல்லமும் மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஆளுக்கொரு பிஸ்டல் உண்டு. மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பிஸ்டலை மேஜையில் வைத்தார். மேலெல்லாம் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு, ஓரத்தில் காய்ந்த துளசி. மேகசினைத் தனியாக வைத்தார். தோட்டாக்களைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்தார்.

“காலி தாயி. பாத்துக்கோ.”

“சரி அண்ணாச்சி” என்று எடுத்துக்கொண்டு சுவரோரம் இருக்கும் மணல் பெட்டிக்குப் போனேன். தவறி வெடித்தாலும் குண்டு மணலில் புதையும்படி குழலை மணலுக்குள் காட்டிவிட்டு ஸ்லைடைப் பின்னால் இழுத்தேன். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகருமே, அதுதான் ஸ்லைடு. இழுத்ததும், மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில் தங்கியிருந்த ஒரு தோட்டா துள்ளி மணலில் விழுந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்குள் அண்ணாச்சி என்னைக் கோபித்துக்கொண்டார்.

“ஏம்ளா, அத ஏன் எடுத்த?”

“காலின்னு சொன்னியள்லா அண்ணாச்சி?”

“காலிதான். அது மங்களத்துக்கு உள்ளதுல்லா? பூச போட்ட சாமான வெறுமையா வைப்பாவளா? அரிசிப் பானைய வழிச்சு வைப்பமா? கல்லாவத் தொடச்சு வைப்பமா? ஒண்ணு உள்ள கெடக்கணும். எங்கய்யா காலத்துலேருந்து அப்படித்தான்.”

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இது உண்டு. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என் அம்மா ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். வெறுமையாக எதையும் வைக்கக்கூடாது, அனுப்பக்கூடாது. அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அந்த ஒரு தோட்டாவை அவர் தோட்டாவாகவே நினைக்கவில்லை, பூஜைப் பொருளாக நினைத்தார். அவர் சொன்னதும் எனக்கு அவர் தம்பி ஞாபகம் வந்தது.

“ஒங்க தம்பியோடது?”

“அவன் அன்னைக்கே கொண்டாந்து குடுத்துட்டான்லா. நீ இல்லியாம், வேற ஒரு பய வாங்குனானாம்.”

“அதுலயும் ஒண்ணு கெடக்கா?”

“ரெண்டையும் ஒரே மணையில வச்சுத்தான் பூச போட்டோம். இதென்ன கேள்வி?”

நான் திரும்பி உள்ளறையைப் பார்த்தேன். இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. மேஜையில் ஒரு மஞ்சள் துணி பிரிந்து கிடந்தது. அண்ணாச்சி வீட்டுத் துணியேதான். இன்ஸ்பெக்டர் இடது கையில் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு, நம்பரை மறைத்திருந்த சந்தனத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே விலாஸ் குனிந்து நம்பர் எழுதக் காத்திருந்தான். குழல் அவன் வயிற்றுக்கு நேராக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நம்பர் பார்த்து முடித்ததும் டிரிகரை ஒரு அழுத்து அழுத்தி, டக்கென்ற சத்தம் கேட்ட பிறகுதான் பிஸ்டலைக் கீழே வைப்பார். எல்லாம் ஏற்கெனவே காலி செய்து முத்திரை வைத்தவைதானே என்ற தைரியம். மணல் பெட்டியும் வெளியேதான் இருந்தது, உள்ளே இருப்பதெல்லாம் காலி என்று நாங்கள் எல்லோருமே நம்பியதால் அங்கே ஒன்று வைக்கத் தோன்றவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? “சாப், ருக்கோ!” என்று, நிறுத்தச் சொல்லிக் கத்துவீர்கள். என் தொண்டை வரைக்கும் அந்தக் கத்தல் வந்துவிட்டது. ஆனால் கையில் எதையாவது பிடித்திருப்பவன் திடுக்கிட்டால் கையைத் திறக்கமாட்டான், மூடுவான். ரயிலில் பின்னாலிருந்து யாராவது கத்தினால் நீங்கள் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறீர்களா, விடுகிறீர்களா? அவர் விரல் டிரிகர் பக்கத்தில் இருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கவும் முடியாது. நான் உள்ளே ஓடிவந்தால் அவர் என் பக்கம் திரும்புவார், பிஸ்டலும் கூடவே திரும்பும்.

உள்ளறையில் டீ கொண்டுபோகக்கூடாது என்று நம் கடையில் ஒரு சட்டம் உண்டு. டீ வந்தால் எல்லோரும் வேலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துதான் குடிக்க வேண்டும். இந்த பம்பாயில் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் டீ என்றால் கையில் இருப்பதைக் கீழே வைப்பான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன்.

“சாப், சாய் ஆயா. டண்டா ஹோ ஜாயேகா.”

டீ வந்துவிட்டது, ஆறிவிடும். இன்ஸ்பெக்டர் தேய்ப்பதை நிறுத்தினார். நம்பரை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பிஸ்டலை மஞ்சள் துணியின் மேல் வைத்துவிட்டு, கைக்குட்டையை மடித்துக்கொண்டே எழுந்து வந்தார். விலாஸும் பின்னாலேயே வந்தான். இருவரும் கதவைத் தாண்டியதும் நான் உள்ளே போனேன். குழல் சுவரைப் பார்க்க மெதுவாக எடுத்து, யாரையும் நெருங்க விடாமல் மணல் பெட்டிக்குக் கொண்டுவந்தேன். எல்லோர் முன்னாலும் ஸ்லைடை இழுத்தேன். இரண்டாவது மங்களத் தோட்டா மணலில் விழுந்தது.

அண்ணாச்சி “பாத்தியா, சொன்னம்லா” என்றார். அவர் சொன்னது உண்மைதானே, அதில் அவருக்கு ஒரு திருப்தி. விலாஸ் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் மணலில் கிடந்த தோட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டார்:

“மேடம், சாய் கிதர் ஹை?”

டீ எங்கே இருந்தது? ஆளை அனுப்பி வாங்கி வரச்சொன்னேன். அன்றைக்கு அவர் இரண்டு டீ குடித்தார்.

ஸ்லைடை ஏன் இழுக்கவில்லை என்று விலாஸிடம் கேட்டேன். “தேவாச்ச ஹோத்த, மேடம்” என்றான். சாமியுடையது. குங்குமம் கலைந்துவிடுமே என்று மேகசினை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு, கும்பிட்டுப் பையில் போட்டிருக்கிறான். நம் முதலாளி சேட் அவனை அன்றைக்கே அனுப்பிவிடுவதாக நின்றார். நான் விடவில்லை. “சேட், அந்தக் குங்குமம் எனக்கு வீட்டுச் சாமான், தொடத் தயக்கமில்லை. அவனுக்கு அது அடுத்தவர் சாமி. மரியாதை காட்டினான். பூஜை போட்ட பிஸ்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் கடையில் யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கிறோமா?” என்று கேட்டேன். சேட் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அதோடு நான் நிறுத்தவும் இல்லை. பூஜைக்குப் பிறகு பொட்டு வைத்து வந்த பைகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். முத்திரையை உடைக்க வேண்டுமென்றால் சொந்தக்காரர்களை மறுபடி கூப்பிட வேண்டும். “லோக் ஹசேங்கே, செல்வி” என்றார் சேட், ஊர் சிரிக்கும் என்று. “சிரிக்கட்டும். திறக்கமாட்டீர்கள் என்றால் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் இந்த அறை வாசலில் உட்காரமாட்டேன்” என்று சாவிக்கொத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டேன். பயமில்லாமல் இல்லை. மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வேலையை உதறுகிற தைரியம் யாருக்கு வரும்? சேட் சாவியை என் பக்கமே தள்ளினார். வடாலாவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வியாபாரிகள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பையையும் திறந்தோம். வேறு எதிலும் ஒன்றுமில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சேட் கேட்டார். இல்லை என்று கண்ணால் பார்ப்பதற்காகத்தான் திறந்தோம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அண்ணாச்சியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வெறுமையாக வைப்பதென்றால் பிஸ்டலை ஒப்படைக்கவேமாட்டேன், போலீஸ் பிடித்தாலும் சரி என்று நின்றார்.

“அண்ணாச்சி, மங்களத்துக்கு மஞ்சள விட ஒசத்தியா ஒண்ணு உண்டா? காஞ்ச மஞ்சக் கெழங்கு ஒண்ணு பையில போட்டு வைக்கேன். பிஸ்டலு உள்ள கெடந்தா என்ன, பக்கத்துல கெடந்தா என்ன?”

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “நீ பேசியே ஆள மடக்கிருவ” என்றார். தம்பிக்கும் சேர்த்து இரண்டு கிழங்காகப் போடச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். சில பைகளில் காகிதம் சுற்றிய மஞ்சள் கிழங்கு ஏன் இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் காரணம். எடுத்து எறிந்துவிடாதீர்கள். உள்ளறையில் இரண்டாவது மணல் பெட்டி வந்ததும் அந்த வாரத்தில்தான்.

நான் ஓய்வு பெற்ற நாளும் ஆயுத பூஜையை ஒட்டித்தான் வந்தது. பூஜைக்குக் கடையின் பழைய பிஸ்டல் ஒன்றை எடுத்து, நானே பிரித்துப் பார்த்து, நானே சந்தனம் தடவி, நானே குங்குமம் வைத்திருந்தேன். மாலை போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், சேட் என்னைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் கம்மியது. கடைசியாகச் சாவிக்கொத்தையும் அந்தப் பிஸ்டலையும் விலாஸ் கையில் கொடுத்தேன். அவன் இப்போது உள்ளறைப் பொறுப்பாளர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

“காலி ஹை, விலாஸ்” என்றேன்.

“ஹோ, மேடம்” என்று தலையாட்டினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பிஸ்டலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மணல் பெட்டிக்குப் போய், ஸ்லைடை இழுத்து, சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தான். நான் இத்தனை வருடம் அந்தச் சாவியை வைத்திருந்தவள், அவன் உயிரைக் காப்பாற்றியவள், அந்தப் பிஸ்டலைக் காலையில் என் கையாலேயே திறந்து பார்த்தவள். என் வார்த்தையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு நிமிஷம் கூட இருக்காது. அதற்குள் என்னையறியாமல் சிரித்துவிட்டேன், கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அவன் திரும்பி வந்து என் காலைத் தொட்டபோது விரலெல்லாம் குங்குமமாக இருந்தது.

அதனால் விலாஸ் மேல் புகார் சொல்வதற்கு இனிமேல் என்னிடம் வராதீர்கள். நீங்கள் காலி என்று சொன்ன பிறகும் அவன் திறந்து பார்த்தால், என்னை நடத்திய மாதிரியே உங்களையும் நடத்துகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.